தண்டவாளம் முடிகிற இடம்

(ஜெர்மனியின் எசன் நகரில் தமிழ் வாசகர்கள் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வரலாற்றில் போர்முறை எப்படி மாறி வந்தது என்று பேசச் சொன்னார்கள். வில், வேலில் தொடங்கி அணுகுண்டு வரை ஒரு மணி நேரத்தில் பேசினால் அது சரக்குப் பட்டியலாகிவிடும். அதனால் ஒரே ஒரு நாட்டை எடுத்துக்கொள்கிறேன், நாம் குடியிருக்கும் இந்த நாட்டை. கடந்த இருநூறு ஆண்டுகளில் உலகத்துப் படைக்கல்லூரிகள் போரைப் பற்றிக் கற்ற பாடங்களில் பெரும்பங்கு ஜெர்மன் மொழியில் எழுதப்பட்டவை. அதே ஜெர்மனி இருபதாம் நூற்றாண்டில் இறங்கிய இரண்டு பெரும் போர்களிலும் தோற்றது. சண்டையில் இவ்வளவு கெட்டிக்காரர்கள் போரில் ஏன் தோற்றார்கள் என்பதுதான் இன்றைக்கு என் கேள்வி.

என் பதிலையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவர்கள் சண்டையைக் கலையாக வளர்த்தார்கள். ஆனால் படைக்கு எதுவரை சோறும் குண்டும் போய்ச் சேரும், போரை எந்த இடத்தில் நிறுத்துவது என்ற இரண்டு கணக்குகளையும் வரவர மறந்தார்கள். வள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். ஜெர்மானியத் தளபதிகள் காலத்தையும் இடத்தையும் கரைத்துக் குடித்தவர்கள். வலியறிதலில்தான் சறுக்கினார்கள்.

நீங்கள் தேருக்கோ வேறு விழாவுக்கோ ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். வழியில் ஹாம் ரயில் நிலையத்தை ஒட்டி அகலமாகக் கிடக்கும் தண்டவாளங்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு காலத்தில் ஐரோப்பாவின் மிகப் பெரிய சரக்கு ரயில் பிரிப்பு நிலையங்களில் அது ஒன்று. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானங்கள் அதன்மேல் திரும்பத் திரும்பக் குண்டு வீசின. படைமுகாமை விட்டுவிட்டு ரயில் யார்டை ஏன் அடிக்க வேண்டும்? அதற்குப் பதில் தெரிய இரண்டு நூற்றாண்டு பின்னால் போக வேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிரஷ்யா ஒரு சிறிய, ஏழை நாடு. அதன் அரசர் இரண்டாம் ஃபிரெடெரிக் 1757-இல் ரோஸ்பாக், லாய்த்தன் என்ற இரண்டு களங்களில், ஒரு மாத இடைவெளியில், தன்னைவிடப் பெரிய படைகளை முறியடித்தார். அன்றைய துப்பாக்கி குறி தப்பும் துப்பாக்கி. ஆகையால் வீரர்களைத் தோளோடு தோள் வரிசையாக நிறுத்திச் சொன்ன நொடியில் சுட வைப்பதே போர்க்கலை. அதற்கு வேண்டியது பிரம்படியும் பயிற்சியும். ஃபிரெடெரிக்கைப் பற்றி இவ்வளவு போதும். அவரைப் புகழ்ந்து எழுதியவர்கள் ஏராளம்.

அவர் இறந்து இருபதே ஆண்டுகள். 1806 அக்டோபர் 14 அன்று யேனா, அவுர்ஸ்டெட் என்ற இடங்களில் நெப்போலியனின் படை அந்தப் புகழ்பெற்ற பிரஷ்யப் படையை ஒரே நாளில் நொறுக்கியது. இரண்டு வாரம் கழித்து நெப்போலியன் பெர்லினுக்குள் நுழைந்துவிட்டார். பிரஷ்யப் படைவீரன் அடிக்குப் பயந்து நின்றவன். எதிரே வந்தவர்கள் புரட்சிக்குப் பிறகு தம்மைக் குடிமக்கள் என்று எண்ணத் தொடங்கிய நாட்டின் பிள்ளைகள். நவீனப் போர் இங்கேதான் தொடங்குகிறது என்பது என் கருத்து. தாமாக நடக்கிற, சிதறி நின்று சுடுகிற, ஓடிப்போக மாட்டார்கள் என்று நம்பக்கூடிய ஆட்களைக் கொண்டு படை திரட்டலாம் என்பது அப்போதுதான் ஐரோப்பாவுக்கு உறைத்தது. துப்பாக்கி மாறவில்லை, ஆள் மாறியிருந்தான்.

தோற்றவர்கள் யோசித்தார்கள். ஷார்ன்ஹோர்ஸ்ட் என்ற அதிகாரி பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர் அல்லர், பிரஷ்யாவிலும் பிறந்தவர் அல்லர். அவரும் க்னைஸனாவும் பிறரும் சேர்ந்து படையை அடியிலிருந்து மாற்றினார்கள். அதிகாரி ஆவதற்குப் பிறப்பு போதாது, தேர்வு எழுது என்றார்கள். கசையடியை ஒழித்தார்கள். 1810-இல் பெர்லினில் போர்க்கல்லூரி திறந்தார்கள். ஒரு மேதைத் தளபதி பிறக்கட்டும் என்று காத்திருக்க முடியாது, படித்த சாதாரண அதிகாரிகள் பலர் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு மேதையின் வேலையைச் செய்துவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. அப்படி வளர்ந்ததுதான் ஜெனரல் ஸ்டாஃப் என்கிற தலைமைத் திட்டக்குழு. 1824-இல் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி வரைபடத்தின்மேல் காய் நகர்த்தும் போர் விளையாட்டு ஒன்றை அவர்களுக்குக் காட்டினார். படை முழுக்க அது பரவியது. இன்றைக்கு இளையவர்கள் கணினியில் ஆடுகிற போர் விளையாட்டுகளுக்கு அது பாட்டன்.

யேனாத் தோல்வியை அடுத்துப் பிரெஞ்சுக்காரர்களிடம் சிறைப்பட்டவர்களில் ஓர் இளம் அதிகாரி கிளவுஸ்விட்ஸ். பின்னாளில் அதே போர்க்கல்லூரியின் இயக்குநராகப் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தார். 1831-இல் பிரெஸ்லாவில் காலராவில் மாண்டார். அவர் முடிக்காமல் விட்ட கையெழுத்துப் படியை மனைவி மாரி பதிப்பித்தார். ‘போரைப் பற்றி’ என்ற அந்த நூலை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள், முழுதாகப் படித்தவர்கள் குறைவு. அதன் சாரம் இரண்டு. ஒன்று, போர் தனியாக நிற்கும் காரியமன்று, அரசியல் நோக்கத்துக்கு அடங்கிய கருவி. இரண்டு, காகிதத்தில் எளிதாகத் தெரிகிற எதுவும் களத்தில் எளிதன்று. மழை, பசி, தவறான செய்தி, பயம் எல்லாம் சேர்ந்து இயந்திரத்தில் மணல் விழுந்தது போலத் திட்டத்தை இறுக்கிவிடும். இதற்குப் பிந்தைய நூறாண்டு ஜெர்மானியப் படை வரலாற்றை, இந்த இரண்டில் இரண்டாவதை மனப்பாடம் செய்து முதலாவதை மறந்த வரலாறு என்று நான் வாசிக்கிறேன்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். எசன் நகரில் க்ரூப் குடும்பத்தின் வார்ப்பாலை 1811-இல் தொடங்கியது. க்ரூப் என்றதும் பீரங்கி நினைவுக்கு வரும். ஆனால் மூன்று வளையம் பின்னிய க்ரூப் சின்னத்தை, இன்றும் தைசன்க்ரூப் நிறுவனத்தின் கட்டடங்களில் நீங்கள் காணும் அந்தச் சின்னத்தை, கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ரயில் சக்கரத்தைச் சுற்றிப் பூட்டும், ஒட்டு இல்லாத எஃகு வளையம் அது. ஆல்ஃபிரெட் க்ரூப்புக்குக் காசு கொடுத்தது முதலில் ரயில்தான். எஃகுப் பீரங்கியை 1851-இல் லண்டன் கண்காட்சியில் வைத்தார், எல்லோரும் வியந்து பார்த்தார்கள், பிரஷ்யப் படை கணிசமாக வாங்க மேலும் பல ஆண்டுகள் ஆயின.

ரயிலும் படையும் ஒன்றாகச் சேர்ந்தது ஹெல்முத் ஃபொன் மோல்ட்கே என்ற ஒருவரின் மண்டைக்குள். 1857-இல் திட்டக்குழுத் தலைவரானவர், 31 ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார். ஏழு மொழிகளில் மௌனம் சாதிப்பவர் என்று அவரைக் கேலி செய்வார்கள். படை வாழ்க்கைக்கு நடுவே பெர்லின் – ஹாம்பர்க் ரயில் நிறுவனத்தின் இயக்குநர்களில் ஒருவராகவும் இருந்தவர். தண்டவாளத்தின் கணக்கு வழக்கு அவருக்கு உள்ளங்கை நெல்லிக்கனி.

1866. பிரஷ்யாவுக்கும் ஆஸ்திரியாவுக்கும் போர். எல்லைக்குப் போக ஆஸ்திரியாவுக்கு ஒரே ரயில் பாதை. மோல்ட்கே ஐந்து பாதைகளைப் பயன்படுத்தி 21 நாட்களில் 1,97,000 வீரர்களையும் 55,000 குதிரைகளையும் கொண்டுபோய் இறக்கினார். ஒரே இடத்தில் இறக்கவில்லை, ஒரு நீண்ட வில்லைப்போல் பரப்பி இறக்கினார். அன்றைய பாடநூல்படி அது பைத்தியக்காரத்தனம். படையைச் சண்டைக்கு முன்பே ஒன்றாகக் குவிக்க வேண்டும் என்பது நெப்போலியன் காலத்துப் பாடம். தனித்தனியாக நடந்துவந்து சண்டை நடக்கும் இடத்திலேயே ஒன்றுசேரட்டும் என்றார் மோல்ட்கே. ஜூலை 3, கோனிக்ரேட்ஸ் களம், இன்றைய செக் நாட்டில். காலையிலிருந்து இரண்டு படைகள் திணறிக்கொண்டிருக்க, பட்டத்து இளவரசரின் மூன்றாவது படை நண்பகல் வாக்கில் பக்கவாட்டில் வந்து இறங்கியது. மாலைக்குள் ஆஸ்திரியா தோற்றுவிட்டது. அன்றைக்கு நடுவில் பதற்றம் தாங்காத பிரஷ்யப் பிரதமர் பிஸ்மார்க் தம் சுருட்டுப் பெட்டியை மோல்ட்கேயிடம் நீட்டினாராம். இருந்ததில் நல்ல சுருட்டை அவர் நிதானமாகப் பார்த்து எடுத்ததும், சரி, ஜெயித்துவிட்டோம் என்று நிம்மதி வந்ததாம். பிஸ்மார்க் சொன்ன கதை இது. அவர் கதை சொல்வதில் கைதேர்ந்தவர், கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம்.

பிரஷ்யனின் ட்ரைஸே துப்பாக்கி பின்புறம் குண்டு போடுவது, படுத்துக்கொண்டே நிரப்பலாம். ஆஸ்திரியன் எழுந்து நின்று குழல்வாயில் குண்டைத் தட்டி இறக்க வேண்டும். வெற்றிக்கு அதுவும் காரணம். ஆனால் யாரும் அதிகம் பேசாத ஒரு செய்தி இருக்கிறது. வீரர்களை இறக்கிய அந்த ரயில் பாதைகளில் பின்னால் வந்த உணவும் தீவனமும் இறக்க ஆளில்லாமல், வண்டியில்லாமல் தேங்கின. ஜூன் மாத இறுதியில் ஏறத்தாழ 18,000 டன் சரக்கு பாதையிலேயே அடைபட்டுக் கிடந்தது. முன்னே போன படை ஊர்களில் கிடைத்ததைத் தின்று நடந்தது. போர் ஏழு வாரத்தில் முடிந்ததால் இந்த ஓட்டை வெளியே தெரியவில்லை. தாலி கட்டும் முகூர்த்தத்தை நொடி பிசகாமல் குறித்துவிட்டுப் பந்திக்கு அரிசி அளக்காத கல்யாண வீடு அது. விருந்தினர் சீக்கிரம் கிளம்பிவிட்டதால் மானம் தப்பியது.

1866-இல் என்னைக் கவர்ந்தது கோனிக்ரேட்ஸ் களத்தைவிட அதற்குப் பிந்தைய மூன்று வாரம். வியன்னா கண்ணுக்கு எட்டும் தூரம். அரசர் வில்ஹெல்முக்கும் தளபதிகளுக்கும் வெற்றி ஊர்வலம் போக ஆசை, நிலம் பறிக்க ஆசை. பிஸ்மார்க் கூடாது என்றார். ஆஸ்திரியாவிடம் ஓர் அடி நிலம்கூட எடுக்கக் கூடாது, நாளைக்கு அவன் துணை நமக்கு வேண்டும் என்று மல்லுக்கு நின்றார். அந்த நாட்களில் அறைக்குள் போய்த் தேம்பி அழுததாகத் தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். கடைசியில் அவர் சொன்னபடியே சமாதானம் ஆனது. பதின்மூன்று ஆண்டு கழித்து, 1879-இல், அதே ஆஸ்திரியா ஜெர்மனியோடு கூட்டணி ஒப்பந்தம் போட்டது. ஜெர்மானியப் போர் வரலாற்றின் ஆகச் சிறந்த வியூகம் எது என்று என்னைக் கேட்டால், ஓர் அரசியல்வாதி அழுது பெற்ற அந்தச் சமாதானத்தைத்தான் சொல்வேன்.

1870-இல் பிரான்சோடு போர் வந்தபோது நிலைமை மாறத் தொடங்கிவிட்டது. பிரெஞ்சுக்காரனின் ஷாஸ்போ துப்பாக்கி பிரஷ்யத் துப்பாக்கியைவிட ஒரு மடங்கு கூடுதல் தூரம் சுடும். அதற்கு ஈடுகொடுத்தது எசனில் வார்த்த க்ரூப் எஃகுப் பீரங்கி. செப்டம்பர் 2 அன்று சேடானில் பேரரசர் மூன்றாம் நெப்போலியனே பிடிபட்டார். பழைய முறைப்படி அத்தோடு போர் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. பாரிஸ் குடியரசு அறிவித்தது. கம்பெத்தா என்ற அமைச்சர் முற்றுகைக்குள்ளிருந்து பலூனில் ஏறித் தப்பி, நாட்டுப்புறத்தில் புதுப் படை திரட்டினார். ஊர்க்காரர்கள் மறைந்திருந்து சுட்டார்கள், தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். முற்றுகை 1871 ஜனவரி வரை இழுத்தது. இம்முறை அல்சாஸ், லொரேன் நிலப்பகுதிகளைப் பறித்தார்கள். பிரான்சு அதை மறக்கவே இல்லை. பேரரசனைப் பிடித்தாலும் போர் முடியாத காலம் வந்துவிட்டது என்பதைப் புரிந்துகொண்டவர்களில் மோல்ட்கேயும் ஒருவர். 1890-இல், 89 வயதில், நாடாளுமன்றத்தில் எழுந்து, அடுத்த போர் ஏழாண்டு நடக்கலாம், முப்பதாண்டும் நடக்கலாம், ஐரோப்பாவுக்குத் தீ வைப்பவனுக்குக் கேடு என்று எச்சரித்தார்.

அவர் உட்கார்ந்த நாற்காலியில் பின்னர் உட்கார்ந்த ஷ்லீஃபென் வேறு மாதிரி யோசித்தார். நீண்ட போரை நம்மால் தாங்க முடியாது, ஆகவே போர் குறுகியதாகத்தான் இருக்க வேண்டும் என்று தொடங்கினார். ஆசை இங்கே கணக்கின் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. பெல்ஜியம் வழியாகப் பெருவட்டமாகச் சுற்றிப்போய், சில வாரங்களில் பிரான்சை முடித்துவிட்டு, ரயிலில் ஏறிக் கிழக்கே ரஷ்யாவைச் சந்திப்பது திட்டம். நம் புறத்திணை மரபில் பகைவர் நாட்டின்மேல் படையெடுத்துச் செல்வது வஞ்சி, மதில் காத்து நிற்பது நொச்சி. ஜெர்மனிக்கு நொச்சியில் நம்பிக்கையே இல்லை. நடுவில் மாட்டிக்கொண்ட நாடு, முந்திக்கொண்டால்தான் பிழைக்கும் என்று அவர்கள் நம்பினார்கள். அந்த அச்சம் முழுப் பொய்யுமல்ல.

1914 ஆகஸ்ட் முதல் தேதி மாலை. பெர்லின் அரண்மனையில் கைசருக்கு, அதாவது ஜெர்மன் பேரரசருக்கு, ஒரு தந்தி வருகிறது. பிரான்சு ஒதுங்கிக்கொள்ளும் என்று அவருக்குத் தோன்றும்படியான செய்தி. அப்படியானால் படையைக் கிழக்கே திருப்புங்கள் என்கிறார். அப்போதைய திட்டக்குழுத் தலைவர், பழைய மோல்ட்கேயின் அண்ணன் தம்பி வழிப் பிள்ளை, இளைய மோல்ட்கே. அவர் வெளிறிப்போய், முடியாது என்கிறார். லட்சக்கணக்கானவர்களின் ரயில் அட்டவணை ஓராண்டு உழைத்துப் போட்டது, கடைசி நிமிடத்தில் மாற்றினால் ஆயுதமேந்திய கும்பல்தான் மிஞ்சும். அந்தச் செய்தி தவறு என்று இரவுக்குள் தெரிந்துவிட்டது. திருப்பியிருக்க முடியும் என்று ரயில் பிரிவு அதிகாரி ஒருவர் பின்னாளில் ஒரு புத்தகமே எழுதினார். முடியுமா முடியாதா என்பது இருக்கட்டும். கிளவுஸ்விட்ஸ் சொன்ன வரிசை அன்றைக்குத் தலைகீழாகிவிட்டது என்பதுதான் செய்தி. அரசியலுக்கு அடங்க வேண்டிய படை, அரசியலைத் தன் கால அட்டவணைக்கு அடக்கியது.

கொலோன் பேராலயத்தின் பின்னால் ரைன் நதியின்மேல் ஹோஹென்ஸொல்லெர்ன் பாலம் இருக்கிறது. காதலர்கள் பூட்டுப் பூட்டிச் சாவியை ஆற்றில் எறியும் பாலம். அதன்மேல் அந்த ஆகஸ்டில் ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு ஒரு படை ரயில், இரண்டு வாரத்துக்கு மேல், மேற்கே போய்க்கொண்டிருந்தது. இன்றைய டாய்ச்ச பான் ஓட்டுகிற ரயிலில் வந்திருக்கும் உங்களுக்கு இது நம்பக் கடினமாக இருக்கும். (சிரிப்பு) லியேஜ் நகரத்துக் கோட்டைகளை உடைக்க எசனிலிருந்து 42 சென்டிமீட்டர் வாயுள்ள பீரங்கிகள் போயின. க்ரூப் குடும்பத்து மகள் பெர்த்தாவின் பெயரால் ‘பெரிய பெர்த்தா’ என்று வீரர்கள் அழைத்த பீரங்கி அது. ஆகஸ்ட் 15 அன்று லொன்சின் கோட்டை அதன் குண்டில் வெடித்துச் சிதறியது. ரயில் இருக்கும் வரை எல்லாம் கடிகாரம்போல் நடந்தது.

அதற்குப் பிறகுதான் நான் தலைப்பில் சொன்ன இடம் வருகிறது. பெல்ஜியர்கள் பின்வாங்கும்போது பாலங்களையும் சுரங்கவழிகளையும் தகர்த்துவிட்டுப் போனார்கள். வலது கோடியில் போன தளபதி குளூக்கின் முதற்படை நடந்தே போனது. முப்பது கிலோவுக்கு மேற்பட்ட மூட்டையோடு, வெயிலில், நாளுக்கு முப்பது கிலோமீட்டர் நடை. அந்த ஒரு படையில் மட்டும் 84,000 குதிரைகள். அவற்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 900 டன் தீவனம் வேண்டும். வயலில் நின்ற பச்சைத் தானியத்தைத் தின்று குதிரைகள் நோயில் விழுந்தன. லாரிகளில் பாதிக்கு மேல் மார்ன் நதிக்கு வருமுன் பழுதாகிவிட்டன. படை மார்னை எட்டியபோது அதன் ரயில்முனை நூறு கிலோமீட்டருக்கும் மேல் பின்னால் இருந்தது. எதிரே பிரெஞ்சுக்காரர்கள் பாரிஸிலிருந்து விரியும் தங்கள் ரயிலில் ஆட்களை அங்குமிங்கும் மாற்றிக்கொண்டிருந்தார்கள். செப்டம்பரில் மார்னில் ஜெர்மனி திரும்பியதற்கு நூறு காரணம் சொல்வார்கள். நான் குதிரையின் வயிற்றிலிருந்து தொடங்குவேன்.

அதே செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் சென்னையில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. அந்தக் கதை உங்கள் எல்லோருக்கும் பாட்டி சொல்லித் தெரியும், விட்டுவிடுகிறேன். அதைவிடத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். பெர்லினுக்குத் தெற்கே வுன்ஸ்டோர்ஃபில் 1915-இல் ‘பிறைநிலா முகாம்’ என்று ஒரு சிறைமுகாம் அமைத்தார்கள். பிரிட்டிஷ் இந்தியப் படையிலிருந்து பிடிபட்ட முஸ்லிம், சீக்கிய, இந்து வீரர்களையும் ஆப்பிரிக்க வீரர்களையும் அங்கே வைத்து, பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் எதிராகத் திருப்பப் பார்த்தார்கள். ஜெர்மன் மண்ணின் முதல் மசூதி, மரத்தால் கட்டியது, அந்த முகாமில்தான் எழுந்தது. மொழியறிஞர்கள் அந்த வீரர்களின் குரலை ஒலித்தட்டில் பதிந்தார்கள். பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தில் அவை இன்னும் இருக்கின்றன. ஊர் திரும்பாமல் அங்கேயே இறந்த இந்தியர்களின் கல்லறை பக்கத்து ட்ஸேரென்ஸ்டோர்ஃபில் இருக்கிறது. எதிரியின் படைக்குள் கருத்தைச் செலுத்தி உடைப்பதும் போர்முறையின் ஒரு கிளைதான். இங்கே அது பெரிதாகப் பலிக்கவில்லை. அதே வுன்ஸ்டோர்ஃப் 1939-இல் தரைப்படைத் தலைமையகம் ஆயிற்று.

பதுங்குகுழிப் போரை வேகமாகத் தாண்டிச் செல்கிறேன். அதன் உள்ளே நடந்த மாற்றம் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் கடல் முற்றுகையால் சிலி நாட்டு வெடியுப்பு நின்றது. காற்றிலிருந்து அம்மோனியா செய்யும் ஹாபர் – பாஷ் முறை மட்டும் இல்லாதிருந்தால் ஜெர்மனியின் குண்டு வெகு சீக்கிரம் தீர்ந்திருக்கும். அதே ஹாபர்தான் 1915 ஏப்ரல் 22 அன்று யீப்ரில் குளோரின் வாயுவைத் திறந்துவிட முன்னின்றவர். இன்று உலகின் வயல்களுக்கு உரமும் அந்த முறையில்தான் வருகிறது. போர் இப்போது தொழிற்சாலைக்குள்ளும் ஆய்வுக்கூடத்துக்குள்ளும் அடுக்களைக்குள்ளும் வந்துவிட்டது. 1916–17 குளிர்காலத்தில் உருளைக்கிழங்கு பொய்த்து, மாட்டுக்குப் போடும் டர்னிப் கிழங்கைத் தின்றே இந்த நாடு காலம் தள்ளியது.

1918 மார்ச் 21. ஜெர்மன் தளபதி லூடென்டோர்ஃப் கடைசிப் பகடையை உருட்டினார். சிறுசிறு குழுக்களாக, வலுவான இடங்களைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய் விழும் அதிரடிப்படை. குறைந்த நேரத்தில் கடுமையாகப் பொழியும் பீரங்கி. மூன்றாண்டாகச் சில நூறு மீட்டருக்குச் செத்துக்கொண்டிருந்த களத்தில் அறுபது கிலோமீட்டருக்கு மேல் முன்னேறினார்கள். உலகப் படைக்கல்லூரிகள் இன்றும் மெச்சும் உத்தி. ஆனால் பிரிட்டிஷ் படையின் உயிர்நாடியான அமியேன் ரயில் சந்திப்பை அவர்களால் பிடிக்க முடியவில்லை. பசியில் கிடந்த வீரர்கள் பிரிட்டிஷ் சாப்பாட்டுக் கிடங்குகளைக் கண்டதும் அங்கேயே நின்றுவிட்டார்கள். ஓட்டை போடுவோம், மற்றது தானாக நடக்கும் என்பதுதான் லூடென்டோர்ஃபின் மனப்போக்கு. போருக்கு என்ன முடிவு வேண்டும் என்று அவரிடம் பதில் இல்லை. நவம்பரில் எல்லாம் முடிந்தது.

வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனிக்கு ஒரு லட்சம் பேர் படைதான் என்றது. டாங்கி கூடாது, திட்டக்குழு கூடாது. திட்டக்குழு வேறு பெயரில் நடந்தது. டாங்கி ஓட்டச் சோவியத் நாட்டின் கசான் நகரில் ரகசியப் பள்ளி வைத்தார்கள். 1940 மே மாதம் தொடங்கிப் பிரான்சை ஆறு வாரத்தில் வீழ்த்தியபோது உலகம் அதற்கு ‘பிளிட்ஸ்கிரீக்’, மின்னல் போர், என்று பெயர் சூட்டியது. மின்னல் போர் என்று முன்கூட்டி வகுத்த கோட்பாடு எதுவும் ஜெர்மானியரிடம் இருக்கவில்லை, அது பெரும்பாலும் பத்திரிகைகள் வளர்த்த பெயர் என்பதை ஜெர்மானியப் படை வரலாற்றாளர் கார்ல்-ஹைன்ஸ் ஃப்ரீஸர் விரிவாகக் காட்டிவிட்டார். பிரெஞ்சு டாங்கிகள் எண்ணிக்கையிலும் கவசத்திலும் மேல். ஜெர்மன் டாங்கியில் ரேடியோ இருந்தது. நடக்க முடியாத காடு என்று கருதிய ஆர்டென் வழியாக வந்து, மே 13 அன்று, பழைய அதே சேடானில் ஆற்றைக் கடந்தார்கள். ஒரு வாரத்தில் ஆங்கிலக் கால்வாய். பத்தே பத்து டாங்கிப் பிரிவுகள் இதைச் செய்தன. அவற்றின் பின்னால் மற்றப் பெரும்படை குதிரை வண்டியில் வந்துகொண்டிருந்தது. சூதாட்டம் ஒருமுறை பலித்ததும் அதைச் சூத்திரம் என்று நம்பிவிட்டார்கள்.

1941 ஜூன் 22, சோவியத் நாட்டின்மேல் படையெடுப்பு. முப்பது லட்சத்துக்கு மேற்பட்ட வீரர்கள், ஏறத்தாழ ஆறு லட்சம் குதிரைகள். எல்லையிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டர் வரைதான் நம்மால் ஊட்ட முடியும் என்று வழங்கல் அதிகாரிகள் கணக்குப் போட்டிருந்தார்கள். மாஸ்கோ ஏறத்தாழ ஆயிரம். ரஷ்யத் தண்டவாளம் அகலம் வேறு, 1,524 மில்லிமீட்டர். ஜெர்மன் பாதை 1,435. ஒவ்வோர் ஆணியையும் பிடுங்கி அடித்துக்கொண்டே போக வேண்டும். டிசம்பர்க் குளிரில் ஜெர்மன் ரயில் எஞ்சின்களின் வெளிக்குழாய்கள் உறைந்து வெடித்தன. கணக்குத் தெரிந்திருந்தும் ஏன் போனார்கள்? ஐந்நூறு கிலோமீட்டருக்குள் ரஷ்யன் நொறுங்கிவிடுவான் என்று முடிவு செய்துகொண்டதால். ஷ்லீஃபென் செய்த அதே வேலை.

கணக்கில் விழுந்த துண்டை எதைக்கொண்டு நிரப்புவது என்று 1941 மே 2 அன்று பெர்லினில் உயரதிகாரிகள் கூடிப் பேசினார்கள். படை ரஷ்யாவின் சாப்பாட்டைத் தின்னட்டும், அதனால் அங்கே கோடிக்கணக்கானோர் பட்டினியில் சாவார்கள் என்று கூட்டக் குறிப்பிலேயே எழுதினார்கள். சிறைப்பட்ட சோவியத் வீரர்கள் ஏறத்தாழ 57 லட்சம் பேரில் 33 லட்சம் பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பசியால், குளிரால். யூதர்களைக் கொலைமுகாம்களுக்குக் கொண்டுபோனதும் அதே ரயில்வேதான். இந்த எசன் நகரத்து யூதர்களும் அப்படித்தான் போனார்கள். நகர நடுவே நிற்கும் பழைய ஜெபக்கூடத்தை உள்ளே போய்ப் பார்க்காதவர்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். இதைப் போர்முறை பற்றிய உரையில் ஏன் சொல்கிறேன் என்றால், படை வேறு, குற்றம் வேறு என்று பிரித்துச் சொல்லும் பழக்கம் இங்கே நீண்டகாலம் இருந்தது. பட்டினி அந்தப் படையெடுப்பின் வழங்கல் திட்டத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது.

போர் பிறகு இங்கே திரும்பி வந்தது. 1943 மார்ச் 5 இரவு எசனில் தொடங்கி ரூர் பகுதி முழுதும் குண்டு விழுந்தது. நீங்கள் கோடையில் பிள்ளைகளோடு போகிற மோனே அணையை மே 17 அதிகாலையில் பிரிட்டிஷ் விமானங்கள் உடைத்தன. கீழே பாய்ந்த வெள்ளத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பலர் கிழக்கிலிருந்து கட்டாய வேலைக்குப் பிடித்துவந்து அடைத்திருந்த பெண்கள்.

தோற்ற தளபதிகள் என்ன செய்தார்கள்? எழுதினார்கள். திட்டக்குழுத் தலைவராக இருந்த ஹால்டர் அமெரிக்கப் படையின் வரலாற்றுப் பிரிவுக்கு ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்தார். மான்ஸ்டைன் 1955-இல் தம் நினைவுகளை ‘இழந்த வெற்றிகள்’ என்ற தலைப்பில் வெளியிட்டார். அதாவது நாங்கள் ஜெயித்தோம், ஹிட்லர் தோற்றார். அவர்கள் எழுதியதைப் படித்துத்தான் மேற்குலகம் ஜெர்மன் படையின் மேதைமையை நம்பியது. 1995-இல் ஹாம்பர்க்கில் திறந்த, படையின் குற்றங்களைக் காட்டிய கண்காட்சி ஊர் ஊராகப் போனபோது இந்த நாட்டில் பெரிய சச்சரவு எழுந்தது. தன் வீட்டு ஆல்பத்தில் இருக்கும் தாத்தாவின் சீருடைப் படத்தைப் பற்றி ஒரு தலைமுறை முதல்முறையாகக் கேள்வி கேட்டது.

புதிய படையான பன்டெஸ்வேர், 1955 நவம்பர் 12 அன்று 101 பேரோடு தொடங்கியது. ஷார்ன்ஹோர்ஸ்டின் இருநூறாவது பிறந்தநாள் அது. பார்த்துத்தான் நாள் குறித்தார்கள். வீரன் சீருடை அணிந்த குடிமகன், மனிதமாண்பை மீறும் கட்டளைக்கு அவன் கீழ்ப்படிய வேண்டியதில்லை என்று வைத்தார்கள். 1994-இல் அரசமைப்பு நீதிமன்றம், ஆயுதப் படையை வெளிநாட்டுக்கு அனுப்ப நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஜெர்மனி கண்டுபிடித்த போர்முறைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கொசோவோ, ஆப்கானிஸ்தான் எல்லாம் அந்த வழியாகத்தான் போயின. ஆப்கானிஸ்தானில் இருபது ஆண்டு இருந்து, 59 வீரர்களை இழந்து, 2021-இல் திரும்பினார்கள். முடிவு என்ன என்ற கேள்வி அங்கேயும் தொக்கி நின்றது. முடியத் தெரியாத போர் குடிமக்களை என்ன செய்யும் என்று இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பலர் அதைப் புத்தகத்தில் படித்தவர்கள் அல்லர்.

2022 பிப்ரவரி 24-இல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. மூன்றாம் நாள் சான்சலர் ஷோல்ஸ் காலம் திரும்பிவிட்டது என்று அறிவித்துப் படைக்கு 10,000 கோடி யூரோ சிறப்பு நிதி ஒதுக்கினார். அந்தப் போரில் மலிவான ட்ரோன் விலையுயர்ந்த டாங்கியை எரிக்கிறது, 1916 மாதிரிப் பதுங்குகுழி திரும்பிவிட்டது, கீவ் சாலையில் ரஷ்ய வாகன வரிசை எரிபொருளும் உணவும் எட்டாமல் நின்றதை உலகமே பார்த்தது. நேட்டோ படைகள் கிழக்கே போக வேண்டுமானால் ஜெர்மனியின் சாலையிலும் பாலத்திலும் தண்டவாளத்திலும்தான் போக வேண்டும். அந்த ஏற்பாட்டைக் கவனிக்கும் நேட்டோ தலைமையகம் உல்ம் நகரில் இருக்கிறது. லூடென்ஷைட் பக்கத்து ஏ45 நெடுஞ்சாலைப் பாலத்தை 2021 டிசம்பரில் மூடி, 2023-இல் வெடிவைத்துத் தகர்த்ததும், நாம் சுற்றுவழியில் மணிக்கணக்கில் நின்றதும் ஞாபகம் இருக்கும். மோல்ட்கே இருந்தால் டாங்கி வாங்குவதற்கு முன் பாலத்தைக் கட்டச் சொல்லியிருப்பார்.

கடைசியாக ஒரு நடைமுறைச் செய்தி. 2011-இல் நிறுத்திவைத்த கட்டாயப் படைச்சேவை பற்றிய பேச்சு மறுபடி எழுந்திருக்கிறது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டப்படி, 2008-இலும் அதற்குப் பிறகும் பிறந்த ஜெர்மன் குடியுரிமையுள்ள ஆண்பிள்ளைகளுக்கு 18 வயதில் ஒரு வினாப்படிவம் வரும். அதை நிரப்பி அனுப்புவது கட்டாயம். பெண்பிள்ளைகளுக்கு விருப்பம். படையில் சேர்வது இப்போதைக்கு விருப்பத்தின் பேரில்தான். அதைக் கட்டாயமாக்க வேண்டுமானால் நாடாளுமன்றம் தனியாக இன்னொரு சட்டம் போட வேண்டும். உங்கள் வீட்டிலும் அந்தக் கடிதம் வரும், சிலருக்கு வந்துமிருக்கும். பிள்ளை சேர்கிறானா இல்லையா என்பது அவன் முடிவு. அதில் நான் யோசனை சொல்லப் போவதில்லை. ஆனால் வாக்குரிமை உள்ளவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் கூட்டம் போடும்போது போங்கள். எத்தனை டாங்கி, எத்தனை கோடி என்று எல்லோரும் கேட்பார்கள். நீங்கள் எழுந்து, இந்தப் படையை ஒரு நாள் அனுப்பினால் எதை அடைந்ததும் திரும்ப அழைப்பீர்கள் என்று கேளுங்கள். பதில் வரும் வரை உட்காராதீர்கள்.